நடக்காத தேர்தலுக்கு ஒரு வேட்பாளர்

1

இந்தக் கதை ஒரு காவல் நிலைய வாசலில் கிடைத்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். பிடித்து வைத்த லாரி ஒன்று கரும்புச் சுமையோடு வெயிலில் நின்றது. கரும்பு சருகாகியிருந்தது. ஓர் ஆடு முன்னங்காலைத் தூக்கி வைத்துத் தோகையை இழுத்துக்கொண்டிருந்தது. மண் லாரியைப் பிடிப்பார்கள், தெரியும். கரும்பு லாரியை எதற்குப் பிடிப்பார்கள்? டீக்கடையில் கேட்டேன். "ஏரி மண்ணுக்குன்னு புடிச்சாங்க சார்" என்றார்கள். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மீதியை நான்தான் கட்டுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "தனக்கொடி இயற்கையை நேசித்தாள், ஆகவே தேர்தலில்—"

சீ! அடித்துவிட்டேன். ரெண்டு காணிக் கரும்பு வைத்துக்கொண்டு மாடாய் உழைப்பவளுக்கு இயற்கையை நேசிக்க ஏது நேரம்? ஊர் ஏரியை மதகு மட்டத்துக்கும் கீழே ஆள் ஆழத்துக்குத் தோண்டி மண்ணை விற்றுவிட்டார்கள். மழை பெய்து தண்ணீர் நின்றாலும் அது வாய்க்காலுக்கு ஏறாது. அதற்காக நின்றாள். வார்டு உறுப்பினர் பதவிக்கு, சுயேச்சையாக. அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவள் பக்கத்துக் கரும்புக் கொல்லை வள்ளியம்மாள். புருஷன் இல்லாதவள், அந்தக் கரும்பை விட்டால் வேறு நாதியில்லாதவள்.

[எங்கள் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் நடந்து எவ்வளவோ வருடமாகிறது. அறிவிப்பார்கள், நிறுத்துவார்கள். கதையிலாவது ஒன்று நடத்திப் பார்ப்போமே என்று எனக்கு ஒரு நப்பாசை.]

3

தனக்கொடி செய்த தப்பு இதுதான். மண் அள்ளும் லாரியின் நம்பரைப் போட்டுப் போலீசில் மனு கொடுத்தாள். ராத்திரி ஏரி மண் அடிக்கிற லாரிதான் பகலில் கரும்பும் அடிக்கிறது. ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் பிடிக்க வருகிற புண்ணியவான்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ராத்திரியிலா வருவார்கள்? அதை அவள் யோசிக்கவில்லை. அவர்கள் நல்ல வெயிலில், சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்தார்கள். அப்போது வண்டியில் இருந்தது வள்ளியம்மாளின் முதல் வெட்டுக் கரும்பு.

வள்ளியம்மாள் தனக்கொடி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாடி பண்ணிட்ட? உனக்குக் கையெழுத்துப் போட்டவளுக்கு இதானா?"

"அத்தே, நான் மண்ணுக்குத்தான் எழுதிக் குடுத்தேன்."

"மண்ணுக்கு எழுதுனியோ மசுருக்கு எழுதுனியோ, போனது என் கரும்பு!"

தனக்கொடிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அதன் பிறகு ஒரு லாரியும் அந்த இரண்டு கொல்லைப் பக்கம் திரும்பவில்லை. சர்க்கரை ஆலை வெட்டச் சொல்லிக் கட்டிங் ஆர்டர் கொடுத்தது. வெட்டாட்கள் வந்தார்கள், வண்டி இல்லையென்றதும் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நெட்டப்பாக்கம் பக்கம் போய்விட்டார்கள். கரும்பு பூ விட்டது. பூத்த கரும்பை விட்டுவைத்தால் சாறு வற்றி உள்ளே வெறும் நெட்டியாகிவிடும்.

4

அந்தப் பக்கத்து லாரிகளின் சொந்தக்காரன் பச்சையப்பனை வில்லனாக்கத்தான் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன், கழுத்தில் சங்கிலி போட்டேன். ஒட்டவில்லை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். லுங்கியோடு வந்து கொல்லை ஓரம் வண்டியை நிறுத்தினான்.

"ஏங்க்கா, நான் ஏரி மண்ண அள்ளக் கூடாது. உங்க கரும்ப மட்டும் அள்ளணும். நல்லா கீதே நாயம்!"

(அவளை இதற்கு என்ன சொல்ல வைப்பது? இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.)

"வாபஸ் வாங்கிடு. மறுநாள் காலைல ரெண்டு கொல்லைலயும் வண்டி நிக்கும்."

"என் பேச்ச வுடுப்பா. அத்த கரும்ப மட்டுமாவது ஏத்திடு."

"நீ வாபஸ் வாங்குக்கா, ஏத்துறேன்."

5

முடிவு அ: தனக்கொடி நிற்கிறாள், ஜெயிக்கிறாள், ஏரி—

எழுதித்தான் பார்த்தேன். மாலை போட வந்த கூட்டத்தில் வள்ளியம்மாள் இல்லை. என்ன தலைகீழாக நின்றும் அவளை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுவர முடியவில்லை. கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: வாபஸுக்குக் கடைசி நாள். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் தனக்கொடி கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து சுவர் ஓரமாக நின்று அழுதாள். ஏரி போனால் போகட்டும், அத்தை பிழைக்கட்டும் என்று மூக்கைச் சிந்திவிட்டு போன் போட்டாள்.

"அத்தே, காலைல வண்டி வரும். வெட்டாள வரச் சொல்லு."

"மெய்யாவாடி?"

"மெய்யாத்தான்."

அவள் பஸ் ஏறி ஊரில் இறங்குவதற்குள் செய்தி வந்துவிட்டது. தேர்தல் நிறுத்தம். எல்லார் வேட்பு மனுவும் செல்லாது.

(நான் நிறுத்தவில்லை. சத்தியமாக நடத்தத்தான் பார்த்தேன். கதைக்குள்ளும் வந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.)

நேரே பச்சையப்பனிடம் ஓடினாள். "நான் வாங்கிட்டேன்பா. வண்டி?"

"எலெக்‌ஷனே இல்லியாமேக்கா. இல்லாத எலெக்‌ஷன்ல நீ வாபஸ் வாங்குனா இன்னா, வாங்காட்டி இன்னா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். அத்தைக்குத் திரும்பப் போன் போட்டுச் சொல்லத் தனக்கொடிக்கு வாய் வரவில்லை. விடிந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

6

விடிந்து அவள் போவதற்குள் வெட்டாட்கள் இறங்கிவிட்டார்கள். வள்ளியம்மாளின் கரும்பு பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுச் சாய்ந்து கிடக்கிறது. இனி அதை நிமிர்த்த முடியாது.

"அத்தே! நிறுத்து, வெட்டாத!" என்று தனக்கொடி வரப்பில் ஓடிவருகிறாள்.

வள்ளியம்மாளுக்கு அது கேட்கவில்லை. சாலையில் லாரி சத்தம். பச்சையப்பனின் காலி வண்டி. தேர்தல் இல்லை என்றானதும் பட்டப்பகலிலேயே ஏரிக்குக் கிளம்பிவிட்டது. அது எங்கே போகிறதென்று தனக்கொடிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வள்ளியம்மாளுக்குத்தான் தெரியாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, சாலை ஓரம் நின்று கையைக் காட்டுகிறாள்.

அடுத்த வாக்கியத்தில் லாரி நிற்க வேண்டும், அல்லது போக வேண்டும். நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுவதானால் சீக்கிரம் எழுதுங்கள். வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கிறது.