பத்துக் கிலோ

ஸ்பிரிங் தராசின் கொக்கியை விடுவிக்க, மாமனாரின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள் மருமகள். நாற்பது வருஷம் தராசு பிடித்த கை. உயிர் போன பிறகும் இறங்கிவர மறுத்தது.

"நெஞ்சுதான். நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்," என்றாள் ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ். "இந்த வெயில்ல எதுக்குக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாரு?"

"குளிர் வந்திருக்கும். நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு," என்று கணவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

நெஞ்சைச் சோதிக்கக் கழற்றிய சட்டையை நர்ஸ் சுருட்டி அவளிடம் கொடுத்தாள்.

அணையில் விரிசல். மூன்று மணிக்குள் தெரு காலியாக வேண்டும். வீட்டுக்கு ஒரு பை, பத்துக் கிலோ. அதற்கு மேல் பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்று விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"நான் அப்பாவோட மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ பையோட பஸ்ஸுல வந்துருவியா?"

"வந்துருவேன். அவரைத் தனியா விடாதீங்க."

ஆம்புலன்ஸ் போனதும் வீடு கப்பென்று அடங்கியது. கூடத்தின் நடுவில் பை மட்டும், இழுத்துக் கட்டப்பட்டு, கடைச் சரக்கு மாதிரி நின்றது.

மாமனாரின் மளிகைக்கடையில் கொசுறு என்ற சொல்லே புழங்கியதில்லை. "அவர்கிட்ட கொசுறு கேட்டா, வாங்கினதுலயும் ஒரு பிடி எடுத்துக்குவாரு" என்று வாடிக்கையாளர்களே சிரிப்பார்கள். காலையில் பை அடுக்க உட்கார்ந்ததும் அவர்தான். தையல்காரி அவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, துணி வெட்டும் கத்திரி.

"நானூறு கிராம்தான் மாமா."

அவர் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "நானூத்தி முப்பது. யார்கிட்ட?"

"போற எடத்துல நான் பொழைக்க வேணாமா?"

"வெள்ளத்துல யாரும்மா ரவிக்கை தைக்கக் குடுக்கப் போறா?"

"அப்ப உங்க கம்பளிச் சட்டை மட்டும் எதுக்கு?"

"அது நானூத்தி எம்பது. அதுல கை வைக்காதே, குளிர் எனக்கு ஆகாது."

"கத்திரியைக் கொசுறா நெனச்சு வெச்சுக்குங்களேன்."

"கொசுறா? என்கிட்டயா?" என்று சிரித்துவிட்டு மாத்திரை டப்பாவை நிறுக்கத் தொடங்கினார். அவள் கோபத்தோடு அடுக்களைக்குப் போனாள். அதுதான் கடைசிப் பேச்சு.

இப்போது தடுக்க ஆளில்லை. தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்தாள். கத்திரி இல்லை.

"ஒளிச்சும் வெச்சுட்டீங்களா மாமா?" என்று காலி நாற்காலியிடம் கேட்டேவிட்டாள்.

விறுவிறுவென்று பையை அவிழ்த்தாள். பத்திரங்கள், டார்ச், மாத்திரை, துணிகள். ஒவ்வொரு பொட்டலத்திலும் பென்சிலில் எடை எழுதியிருந்தது. கம்பளிச் சட்டை இருந்திருக்க வேண்டிய மூலையில், செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய நீளப் பொட்டலம் ஒன்று. மேலே 430. அதோடு சேர்த்துக் கட்டிய குட்டிப் பொட்டலத்தில் அவளுடைய இரண்டு நூல்கண்டுகள், ஊசிகள். அதன்மேல் எண் இல்லை.

'கொசுறு' என்று எழுதியிருந்தது.

அவள் பையை மறுபடி கட்டி, தராசுக் கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் தூக்கினாள். முள் ஆடியது, தயங்கியது, பத்தில் நின்றது. மயிரிழை பிசகவில்லை. உடம்பில் கிடப்பதை யாரும் தராசில் போடப் போவதில்லை. பையை இறக்கத் தோன்றாமல், கை வலிக்கும்வரை அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் அருகே ஆளாளுக்குப் பையைப் பிரித்து, ரோட்டிலேயே சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முறை வந்தது.

"அடேங்கப்பா! கரெக்டா பத்து," என்றார் எடை போட்டவர். "யாரும்மா கட்டினது?"

"எங்க மாமா."

அவர் நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, காய்ச்சலா?"

இல்லையென்று தலையாட்டினாள். வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையின் கைகள், அவள் விரல்நுனியைத் தாண்டித் தொங்கின.