இருபத்து மூன்றாவது கேள்வி

தன்னை இனி யாரும் தூக்கக் கூடாது என்று பிரீத்தி முடிவெடுத்து மூன்று வருஷம் ஆகிறது. முடிவெடுத்த இடம் திருப்பூர், கொழுந்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. வாசலில் ஒன்பது படி. சக்கர நாற்காலியோடு சேர்த்து நான்கு பேர் அவளைத் தூக்கினார்கள். "பாத்து, பாத்து, அந்தப் பக்கம் ஏத்து" என்று ஐந்தாவது ஆள் கட்டளையிட, வீடியோக்காரர் பின்னாலேயே வர, முந்தானை ஒரு பக்கம் சரிய, உற்சவ மூர்த்தி மாதிரி ஆடி ஆடி உள்ளே போய்ச் சேர்ந்தாள். "சாமியத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வந்துட்டமுல்ல!" என்று தூக்கியவர்களுக்கு ஒரே பெருமை. சாமிக்கு அப்போது எப்படி இருக்கும் என்று எவராவது கேட்டிருக்கிறார்களா? பிரீத்தி சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு ஆல்பத்திலும் இருக்கிறது. அன்றைக்கு இலையில் என்ன பரிமாறினார்கள் என்று கேட்டால் மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அதற்கு முந்தின வருஷம் அமெரிக்காவில், 680 ஃப்ரீவேயில் ஒரு டிரக் பின்னாலிருந்து இடித்ததில் முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. மற்றபடி ஆள் அதே ஆள்தான். சான் ரமோனில் அதே சாஃப்ட்வேர் வேலை, கையாலேயே பிரேக் பிடிக்கும் கார், அதே வாய். ஆபீஸிலும் கடைகளிலும் சரிவுப் பாதை உண்டு, தானாகத் திறக்கும் கதவு உண்டு. தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போவதுதான் பெரும் பாடு. அங்கே வாசலில் ஒரு படி இருக்கும். "அண்ணா, ஒரு கை பிடிங்க" என்று கிளம்பி வர ஒரு கூட்டமும் இருக்கும். அதனால் கொலுவுக்கும் போவதில்லை, பிறந்தநாளுக்கும் போவதில்லை.

அவள் கணவன் சபரி நல்ல மனிதன். பிரச்சினையே அதுதான். எந்தப் படியைப் பார்த்தாலும், "அதுக்கென்ன, நான் தூக்கிக்கறேன், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சட்டைக் கையை மடிப்பான். இரண்டு தடவை முதுகு பிடித்துக்கொண்டு படுத்தும் புத்தி வரவில்லை.

இந்த நிலையில்தான் தை மாதம் தங்கை கயலுக்குத் திருப்பூரில் கல்யாணம் நிச்சயமானது. "நீ வரலைன்னா நான் மணவறையிலயே உக்கார மாட்டேன்க்கா" என்று அவள் போனில் மிரட்டினாள். போகாமல் முடியாது. ஆனால் மண்டபத்து வாசலை நினைத்தாலே பிரீத்திக்கு அந்த ஒன்பது படிதான் கண் முன்னால் வந்தது. டிக்கெட் பார்க்கும்போது டோக்கியோ வழியாகப் போனால் நடுவில் ஒரு முழு நாள் கிடைக்கும் என்று தெரிந்தது. அப்போதுதான் அந்த இணையப் பக்கம் கண்ணில் பட்டது. ஹகோனே என்ற மலைப் பகுதி. ஏரி, ஆவி கிளம்பும் பள்ளத்தாக்கு, வெந்நீர் ஊற்று. சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றிக்கொள்ளும் லிஃப்ட் வேன், கூடவே வரும் வழிகாட்டி, காலையில் போய் மாலையில் திரும்பும் தனிப் பயணம்.

"ஒரே ஒரு நாள்," என்றாள் சபரியிடம். "யாரும் தூக்காம, யாரும் ஐயோ பாவம்னு சொல்லாம, மலையப் பாத்துட்டு, வெந்நீர்ல கால வச்சுட்டு வரோணும். அந்த ஒரு நாள் கெடச்சா கல்யாணத்துக்குத் தெம்பா வருவேன். இல்லைன்னா நீங்க மட்டும் திருப்பூர் போயிட்டு வாங்க. நான் டோக்கியோவுல இருந்தே திரும்பிடறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சபரி அன்றே முன்பதிவு செய்தான்.

மறுநாள் மொரிதா என்ற வழிகாட்டி அம்மாளிடமிருந்து ஒரு படிவம் வந்தது. நாற்பத்தொரு கேள்விகள். நாற்காலியின் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? சக்கரத்தில் கை வைத்தால் எத்தனை? உட்கார்ந்தபடி முழங்கால் உயரம்? கழிப்பறையில் இடப் பக்கமாக மாறி உட்காருவாரா, வலப் பக்கமாகவா?

"அடேங்கப்பா, கிரீன் கார்டுக்குக்கூட இவ்வளவு கேக்கல," என்றான் சபரி.

பிரீத்திக்கோ மனசு பூரித்துப் போயிற்று. "நாலு வருஷத்துல எந்தப் பக்கம்னு என்னை ஒருத்தர் கேட்டதில்லீங்க. எல்லாரும் அவங்களுக்கு வசதியான பக்கமாத்தான் புடிச்சு இழுப்பாங்க." அளவுகளைச் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். பாதியில் அவளுக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிட்டது. "மிச்சத்த நான் ஃபில் பண்ணிக்கறேன், நீ போ," என்றான்.

விட்டாளே, அங்கேதான் வந்தது வினை.

நம் ஜனங்களின் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது விமானத்தில் வீல்சேர் போட்டுவிடுவது. இங்கே வந்தபின் தினம் மூன்று மைல் கைவீசி நடப்பவர்கள்தான். ஆனால் ஃபிராங்க்பர்ட்டில் கேட் தெரியாமல் திண்டாடக் கூடாது, இமிகிரேஷனில் கேள்வி கேட்டால் தள்ளிக்கொண்டு வருபவர் பதில் சொல்லிவிடுவார். அந்த வீல்சேர் படிவத்தை நிரப்புவதில் சபரி ஒரு நிபுணன். "சபரி, எங்கம்மாவுக்கு எதை டிக் பண்றது?" என்று பத்து வீட்டிலிருந்து போன் வரும். அவன் பாடம் ஒன்றே ஒன்றுதான்: இருப்பதில் லேசானதைப் போடு. கூடச் சொன்னால் விமானக் கம்பெனிக்காரன் டாக்டர் சர்டிபிகேட் கேட்பான், ஆளே வேண்டாம் என்பான். குறைத்துச் சொல்லு, மிச்சத்தை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்.

கல்யாணத்துக்குச் சேலை எடுப்பதும் நகை மாற்றுவதுமாக நாள் ஓடியது. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது மொரிதா அம்மாளிடமிருந்து பயணத் திட்டம் வந்தது. பிரீத்தி ஆசையாகத் திறந்தாள். சாதாரண கார், முன் இருக்கை வெளிப்பக்கமாகத் திரும்பும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு படி உள்ள பழைய கடை. கால் நனைக்கும் குளத்துக்கு மூன்று கல் படி இறங்க வேண்டும். அடியில் ஒரு குறிப்பு: இருபத்து மூன்றாவது கேள்விக்கு, விருந்தினர் உதவியுடன் சில படிகள் ஏறுவார் என்று தெரிவித்திருப்பதால், லிஃப்ட் வேன் தேவைப்படும் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. மிக்க நன்றி.

இரண்டு தடவை படித்தாள். பிறகு சமையலறைக்கு நாற்காலியைத் திருப்பினாள். சபரி தோசைக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இருவத்தி மூணாவது கேள்விக்கு என்ன போட்டீங்க?"

"எது, அம்மிணி?" அம்மிணி என்று ஆரம்பித்தாலே அய்யா ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

"நான் படி ஏறுவேனாமே! எப்பப் பாத்தீங்க நான் ஏறுனத?"

"அது... ரெண்டு படி, மூணு படிதானே. வேண்டாம்னுட்டா என்ன பண்றதுன்னு... நான் இருக்கறேன்ல, தூக்கிக்க மாட்டனா?"

"நீங்க தூக்கிக்குவீங்கங்கறதுதானுங்க என் பயமே!" அவள் குரல் உடைந்தது. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாமுங்களா? என் காலைப் போயா மறைக்கறது? உங்கப்பாவுக்குப் போடறத எனக்கும் போட்டுட்டீங்க. என்னை ஏத்திட்டுப் போக இருந்த வண்டிய நீங்களே திருப்பி அனுப்பிட்டீங்க."

அடுப்பில் கல் காய்ந்து புகைந்தது.

"கேன்சல் பண்ணிடலாம்," என்றாள். "டோக்கியோவுலயும் எறங்க வேண்டாம், திருப்பூரும் வேண்டாம். கயல்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

அன்று தோசை வார்க்கப்படவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். ஜப்பானில் அப்போது காலை. மொரிதா அம்மாளை வீடியோவில் அழைத்தான். ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, கழுத்தில் ஒரு அளவு டேப்பை மாலை மாதிரி போட்டிருந்தார். சபரி இங்கிலீஷில் ஆரம்பித்தான். ஃபார்மில் ஒரு சின்னத் தப்பு என்றான். பிறகு சின்னத் தப்பு இல்லை என்றான். கடைசியில், "என் மனைவியால் படி ஏற முடியாது. ஒரு படிகூட முடியாது. இனிமேலும் முடியாது," என்றான்.

பிரீத்தி திரும்பி அவனைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை நான்கு வருஷத்தில் அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அம்மாவிடம் 'தேறிட்டு வர்றா', ஆபீஸில் 'ஷீ இஸ் டூயிங் கிரேட்', அவளிடமே 'அடுத்த வருஷம் பாரு'. படி ஏறுவார் என்ற கட்டத்தில் அவன் டிக் போட்டது வழக்கத்தால் மட்டுமல்ல. முடியாது என்ற கட்டத்துக்கு அவனுக்குக் கை போகவில்லை. அது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கோபம் தீரவில்லை. ஆனால் அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மொரிதா அம்மாள் திட்டவில்லை. தலை குனிந்து வணங்கி, சொன்னதற்கு நன்றி என்றார். அந்தத் தேதிக்கு லிஃப்ட் வேன் எல்லாம் போய்விட்டது, தேடிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது, படிவத்தை மட்டும் முதலிலிருந்து நிரப்பி அனுப்புங்கள் என்றார். நிரப்பினார்கள். இந்தத் தடவை கேள்வியை அவள் வாசித்தாள், அவன் எழுதினான். இருபத்து மூன்றில் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு 'முடியாது' என்ற கட்டத்தில் டிக் போட்டான்.

மூன்று நாள் பதில் இல்லை. பிரீத்தி பெட்டியும் கட்டவில்லை, கயலுக்கும் போன் செய்யவில்லை. நாலாம் நாள் வந்தது. ஒரு வேன் கிடைத்திருக்கிறது, ஆனால் மதியம் இரண்டு மணிவரைதான். அதனால் ஏரிப் படகு கிடையாது, மன்னிக்கவும். கடை மாற்றியாயிற்று. குளமும் மாற்றியாயிற்று. கூடவே ஒரு வீடியோ.

வீடியோவில் மொரிதா அம்மாள் எங்கிருந்தோ இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விடுமுறை நாளில், நல்ல குளிரில், தானே உருட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போகிறார். பழக்கமில்லாத கை. ஒரு தடவை செடிக்குள்ளேயே போய்விட்டார். வாசலில் இரண்டு சென்டிமீட்டர் மேடு, முட்டி நின்றார். இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு பலகையை எடுத்துப் போட்டு, அதன்மேல் ஏறிப் போனார். கரையில் இருந்த பெஞ்சின் உயரத்தை அளந்து கேமராவுக்குக் காட்டினார்.

பிரீத்தி அதை நான்கு தடவை பார்த்தாள். எத்தனையோ பேர் அவளைத் தூக்கியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர் இந்த அம்மாள் ஒருத்திதான்.

"பெட்டியக் கட்டலாமுங்க," என்றாள்.

ஹகோனேயில் அன்று வெயிலும் குளிருமாக இருந்தது. வேனின் பின்கதவு திறந்து, தட்டு இறங்கி, நாற்காலியோடு அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. ஜன்னல் வழியே மலை, மலைக்கு அப்பால் வெள்ளைத் தொப்பியோடு ஃபூஜி. பள்ளத்தாக்கில் ஆவி புகைந்தது. அழுகிய முட்டை வாசனை. "நம்ம ஃப்ரிட்ஜத் தொறந்த மாதிரி இருக்குது," என்றான் சபரி. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

குளத்து வாசலில், வீடியோவில் பார்த்த அதே மேடு. சபரியின் கைகள் தன்னால் நீண்டு அவள் கக்கத்துக்கு வந்தன. தொடுவதற்கு முன் நின்றன. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "என்ன பண்ணட்டும், சொல்லு," என்றான்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். பேக்க மட்டும் புடிங்க."

மொரிதா அம்மாள் பலகையைப் போட்டார். பிரீத்தி உருட்டி ஏறினாள். பெஞ்சின் அருகே நாற்காலியை நிறுத்தி, தன்னுடைய சறுக்குப் பலகையை இடப் பக்கம் செருகி, கையை ஊன்றித் தானே மாறி உட்கார்ந்தாள். மொரிதா அம்மாள் தெர்மாமீட்டரை நீரில் விட்டு, "முப்பத்தொன்பது. பத்து நிமிஷம்," என்றார். உணர்வில்லாத தோல் சுட்டாலும் தெரியாதல்லவா, அதற்காக. பிரீத்தி தன் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து நீரில் இறக்கினாள். காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆவி எழுந்து முகத்தில் பட்டது, முழங்கை வரை நீரில் விட்டுப் பார்த்தாள், இதமோ இதம். வெந்நீருக்குள் தன் பாதம் சிவப்பதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

சபரி பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு போனை எடுத்தான்.

"இப்ப யாருக்கு?"

"மண்டபத்துக்கு."

ஸ்பீக்கரில் திருப்பூர் கேட்டது. மண்டபத்து மேனேஜர் வேலுமணி காலை டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"நான் கயலோட அக்கா வீட்டுக்காரர் பேசறனுங்க. வாசல்ல எத்தன படிங்க?"

"அது இருக்குமுங்க ஒரு நாலஞ்சு. ஓ, அக்காவுக்குங்களா? கவலையே படாதீங்க தம்பி. நம்ம பசங்க நாலு பேரு நிக்கறானுங்க. அலாக்காத் தூக்கிட்டு வந்து மணவறைக்கு முன்னாடி வச்சுருவானுங்க."

பிரீத்தி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க," என்றான் சபரி. "அவளால ஒரு படிகூட ஏற முடியாதுங்க. ஆனா யாரும் தூக்கக் கூடாது. நானுந் தூக்க மாட்டேன். பந்தல்காரர்கிட்டச் சொல்லிப் பலகையில சரிவு போடோணும். நாலஞ்சுன்னா ஆகாதுங்க, டேப்ப வச்சு அளந்து சொல்லுங்க."

"அட, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமுங்க தம்பி..."

"அட்ஜஸ்ட் எல்லாம் வேண்டாமுங்க. அளவு வேணும். நான் லைன்லயே இருக்கறேன்."

அந்தப் பக்கம் டம்ளர் வைக்கும் சத்தம், செருப்புச் சத்தம், "டேய், அந்த டேப்ப எங்கடா?" என்ற அதட்டல். பிரீத்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"கதவு அகலமும் அளக்கச் சொல்லுங்க," என்றாள். "எனக்கு அறுவத்திரண்டு சென்டிமீட்டர் வேணும்."

"தம்பி, இருக்கறீங்களா?" என்றது போன். "மொதப் படி ஆறரை அங்குலமுங்க. எழுதிக்கறீங்களா?"

மொரிதா அம்மாளிடம் பேனா வாங்கி, பயணத் திட்டத்தின் பின்பக்கத்தில் பிரீத்தி எழுதிக்கொண்டாள்.