அக்கான்னு கூப்பிட்டுச் சொல்லு

நான் சொல்லப்போவது நடந்தபடியே இருக்குமா என்று எனக்கே சந்தேகம். எங்கள் ஊர்த் தீமிதித் திருவிழாக் கச்சேரியன்று நான் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் வைத்திருந்த பக்கம் நின்றிருந்தேன். என் மனைவி கனகாம்பாளும் அதைத்தான் சொல்கிறாள். அப்படியென்றால் மேடையில் நின்று பேசிய செல்வகுமாரியின் முதுகைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நினைத்துப் பார்த்தால் அவள் முகம்தான் வருகிறது. மூக்கின் மேல் வியர்வை, நெற்றியில் கலைந்த குங்குமம். அதெல்லாம் முன்வரிசையிலிருந்து யாரோ எடுத்த வீடியோவில் இருப்பவை. அதைப் பல தடவை பார்த்ததில் என் கண் பார்த்தது அழிந்து, கைப்பேசி பார்த்தது தங்கிவிட்டது.

புதுச்சேரிப் பக்கம், மடுகரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கச்சேரிக்கு நடுவே சீட்டு அனுப்பும் பழக்கம் இங்கே உண்டு. பணத்தோடு ஒரு துண்டுத்தாளில் பெயரை எழுதிக் கொடுத்தால், இன்னார் இன்னாருக்காக விரும்பிக் கேட்கும் பாடல் என்று மைக்கில் வாசிப்பார்கள். மாமனுக்கு மச்சான், நண்பனுக்கு நண்பன் என்று போய்க்கொண்டிருந்த இடத்தில், அறிவிப்பாளன் ஒரு சீட்டைப் பிரித்து, குரலைக் குழைத்து வாசித்தான்: “விஜயராஜ் மனைவி செல்வகுமாரிக்காக, அவங்களோட ரகசிய ரசிகர் விரும்பிக் கேட்கும் காதல் பாடல்.” விஜயராஜ் மஸ்கட்டில் இருக்கிறான். கூட்டம் ஊளையிட்டது.

செல்வகுமாரி பெண்கள் பகுதியிலிருந்து எழுந்து நடந்தாள். மேடை ஏறினாள். அறிவிப்பாளன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

“எம் பேர எழுதத் தெரிஞ்சவனுக்கு அவன் பேர எழுதத் தெரியலியா? எழுந்து நில்லு. நானும் பாக்கறேன்.”

யாரும் எழவில்லை. அவள் காத்திருந்தாள். கீபோர்டு வாசிப்பவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். எனக்கு மௌனம் பிடிக்கும். வீட்டில் நான் பேசாமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் புகார் உண்டு. ஆனால் அத்தனை பேர் ஒன்றாகப் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் கேட்டேன். வீடியோவில் அது இல்லை. வெட்டிவிட்டு, சண்டைக்காட்சி இசை ஒன்றைச் சேர்த்து, ‘மைக் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அது ஓடியது. வில்லியனூரில், பாகூரில், கடலூரில், மஸ்கட்டில் எல்லோரும் பார்த்தார்கள். கீழே கருத்து எழுதியவர்களில் பாதிப்பேர் கும்பிட்டார்கள்; மீதிப்பேர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஒன்றும் இல்லாமலா ஒருவன் சீட்டு எழுதுவான்?

பிறகு விழாக் கமிட்டி கூடியது. சாமி மேடையில் ஏறி ஊரை அவமதித்துவிட்டாள், அதனால் அவள் ஒரு சாரி வீடியோ போட வேண்டும் என்று முடிவாயிற்று. இப்போது அதுதான் வழக்கம். யாரை ஊர் பார்த்துவிட்டதோ, அவர் கைகூப்பி நின்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வீடியோ போட்டால் விஷயம் முடியும். போடாவிட்டால் ஆடித் திருவிழாவுக்கு அவள் வீட்டு வரியை வாங்க மாட்டோம் என்றார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது லாபம் போலத் தோன்றலாம். வரி வாங்காத வீடு ஊர்க்கணக்கில் இல்லாத வீடு. அந்த வாசலில் சாமி நிற்காது. அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலைவரை கெடு. விஜயராஜும் போனில், “ஒரு சாரி சொல்லிட்டுப் போயேன், நான் ஊருக்கு வந்து மூஞ்சி காட்ட வாணாமா?” என்று கேட்டானாம்.

கெடுவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. மதகடிப்பட்டில் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் வரவேற்பறை வேலைக்குப் போக வேண்டும் என்று செல்வகுமாரி அதில் சேர்ந்திருந்தாள். நான் சேர்ந்தது வேறு காரணத்துக்கு. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், பேச வராது. தமிழிலும் அதே கதைதான் என்பாள் கனகாம்பாள். கரும்பும் நெல்லும் பயிர் செய்கிறவனுக்கு அந்தப் பேச்சு எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை.

ஆசிரியர் டேவிட் ராஜ் வில்லியனூர்ப் பக்கம்; சென்னையில் கால் சென்டரில் இருந்துவிட்டு வந்தவர். வாரம் ஒரு தலைப்பு. வங்கி, ஆஸ்பத்திரி, விமான நிலையம் எல்லாம் முடிந்து, அந்த வாரம் ‘புகழும் வம்பும்’. எப்போதோ வகுத்து வைத்த வரிசை அது. அவர் மனதில் ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். பலகையில் எழுதினார்: செலிபிரிட்டி, லைம்லைட், ஸ்கேண்டல், ரூமர், பப்ளிசிட்டி, ஸ்பில் த டீ.

ஓட்டல் படிப்பு படிக்கும் அரிகரன் கை தூக்கினான். “சார், டீயக் கொட்டறதுன்னா இன்னா சார்? எங்க மெஸ்ல கொட்டுனா அடிப்பாங்க.”

“ஸ்லாங்குடா. அடுத்தவங்க கதைய வெளிய சொல்றது.”

“எங்க ஊர்ல டீ தர வாணாம் சார். சும்மாவே சொல்லுவாங்க.”

எல்லோரும் சிரித்தோம். செல்வகுமாரியும் சிரித்தாள். ஜன்னலோரம், கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு வழக்கமான பயிற்சி. ஒவ்வொருவரும் எழுந்து, ஒரு வார்த்தையை எடுத்து, தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

அரிகரன் எழுந்தான். அவள் ஒரே ராத்திரியில் செலிபிரிட்டி ஆகிவிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொன்னான். யார் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுக்குக் காத்திருந்த ஷெரின் எழுந்தாள். அந்த செலிபிரிட்டியின் புருஷன் கோபமாக இருப்பதாக ஒரு ரூமர் உலவுகிறது என்றாள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. டேவிட் ராஜ், “குட்” என்றார்.

அடுத்து ஆதிமூலம். எங்கள் ஊரில் செல்போன் கடை வைத்திருப்பவன், கமிட்டிச் செயலாளரின் தம்பி. “சம் விமென் டூ எனிதிங் ஃபார் பப்ளிசிட்டி” என்றான். சில பெண்கள் விளம்பரத்துக்காக எதையும் செய்வார்கள். அவன் ஒருநாளும் இவ்வளவு தடங்கலில்லாமல் ஆங்கிலம் பேசியதில்லை.

“கரெக்ட். வெரி குட்,” என்றார் டேவிட் ராஜ். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மார்க்கர் பேனாவை மூடித் திறந்து, மறுபடி மூடினார்.

செல்வகுமாரி எழுந்தாள். “சார், நான் ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

அவள் அவரைக் கேட்கவில்லை. “ஆதிமூலம், நீ டெய்லி என்ன இன்னான்னு கூப்புடுவ?”

“இன்னாக்கா?”

“அதான், அக்கான்னுதான கூப்புடுவ. இப்ப சொன்னியே, அதத் தமிழ்ல சொல்லு. மொதல்ல அக்கான்னு கூப்ட்டுட்டு சொல்லு.”

“ஐய, இது பாடம்க்கா.”

“பாடந்தாம்பா. நானும் காசு கட்டித்தான் படிக்கறேன். சொல்லு.”

ஆதிமூலம் “அக்கா” என்றான். வாய் திறந்தபடி இருந்தது. அடுத்த சொல் வரவில்லை. கீழே உரக்கடையில் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. நான் அப்போது நினைத்துக்கொண்டது இதுதான்: இத்தனை நாளாக இவர்கள் எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் தமிழில் பேசினார்கள். முகத்துக்கு நேரே பேச ஒரு வேற்று மொழி தேவைப்பட்டது. அதில் அவளை யாரும் உறவு சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை.

“ஷெரின், நீ சொல்றியாமா?”

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள். “சாரிக்கா.”

“உன்ன சாரி கேக்கல. சொல்லச் சொன்னேன்.”

ஆதிமூலத்துக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. “உன் நல்லதுக்குத்தாங்க்கா சொல்றாங்க. நாளைக்கி காலைல கமிட்டி கூடுது. ஒரு நிமிசம் கையக் கும்புட்டு சாரின்னு சொல்லிட்டா முடிஞ்சி போவுது. இன்னாத்துக்கு இந்த வீம்பு? புள்ளைக்கு நாளைக்கி ஒரு நல்லது பண்ண வாணாமா? ஊரு வாணாமா?”

“ஊரு வேணும்பா. எனக்கும் அந்த ஊருதான். சீட்ட யாரு எழுதுனான்னு உங்கண்ணன் அந்த மைக்குக்காரனக் கேட்டாரா?”

“அது எப்பிடிக்கா கேக்கறது? நூறு சீட்டு வரும்.”

“நூறு சீட்ல ஒண்ணக் கேக்க முடியல. என்ன மட்டும் கேக்க முடியுது.” அவள் பலகையைக் காட்டினாள். “சார், இதுல பாக்கப்படறவங்களுக்கு எத்தன வார்த்த எழுதியிருக்கீங்க. பாத்துக்கினு சும்மா ஒக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த கெடையாதா?”

“ஆடியன்ஸ்னு…” என்று ஆரம்பித்த டேவிட் ராஜ் நிறுத்திவிட்டார். “பாத்து சொல்றேம்மா.”

அவள் என் பக்கம் திரும்பினாள். பின்வரிசையில் வழக்கம்போல நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

“உலகண்ணா, நீதான் இன்னும் வாயே தொறக்கல. வா, இந்த போனப் புடி. வீடியோ எடு.”

நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். ஆதிமூலம், “ஆங், அப்பிடி. இங்கியே முடிச்சிடுக்கா,” என்றான். அவள் சாரி சொல்லப்போகிறாள் என்றே நானும் நினைத்தேன். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறவள். அந்த வாசலில் சாமி நிற்காமல் போவதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டுமா என்றும் எனக்குள் ஓடியது.

செல்வகுமாரி முந்தானையைச் சரிசெய்யவில்லை. கைகூப்பவில்லை. பலகைக்கு முன்னால் நின்று பேசினாள்.

“எம் பேரு செல்வகுமாரி. மைக் அக்கா இல்ல. எங்கப்பா செல்லக்கண்ணு, கரையாம்புத்தூரு. கமிட்டி பெரியவங்களுக்கு சொல்றேன். நான் சாரி கேக்க மாட்டேன். மேடையில ஏறுனது தப்புன்னா அம்மன் என்னக் கேக்கட்டும், நான் அவளுக்கு பதில் சொல்லிக்கறேன். எம் பேர எழுதுனவன் இன்னும் எழுந்து நிக்கல. அவன் நிக்கற வரைக்கும் நான் நின்னுக்கினுதான் இருப்பேன். எங்க வூட்டு வரிய நீங்க வாங்கலன்னா பரவால்ல. கேட்டாலும் நான் குடுக்கறதா இல்ல. அவ்ளோதான். எடுத்தியாண்ணா?”

எடுத்திருந்தேன். அவள் வாங்கி, மறுபடி பார்க்காமல், கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவுக்கும் விஜயராஜுக்கும் அனுப்பினாள். ஆதிமூலத்தின் பையில் போன் ஒலித்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை.

“சார், எனக்கு ஓட்டல் ரிசப்ஷனுக்குத் தேவையான பாடத்த அடுத்த வாரம் நடத்துங்க,” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். வகுப்பு முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போனாள்.

அந்த ஆடி மாதம் கமிட்டி சொன்னபடியே செய்தது. அவள் வீட்டு வாசலில் சாமி நிற்கவில்லை. வரி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நானும் கொடுக்கவில்லை. காரணத்தைச் செயலாளரிடம் வாய்விட்டுச் சொன்னேன். கனகாம்பாள் அன்று முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களோடு இன்னும் சில வீடுகள் இப்போது ஊர்க்கணக்கில் இல்லை. செல்வகுமாரி புதுச்சேரியில் ஒரு சிறிய ஓட்டலில் வேலை பார்க்கிறாள். விஜயராஜ் சில மாதம் பேசாமல் இருந்து, பிறகு பேசினான்; ஊருக்கு இன்னும் வரவில்லை. ஷெரின் சவூதிக்குப் போய்விட்டாள். அரிகரன் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். ஆதிமூலம் கடையை நடத்துகிறான். செல்வகுமாரி எதிரே வந்தால் தலையசைப்பான், கூப்பிடுவதில்லை. டேவிட் ராஜ் வகுப்பை மூடிவிட்டு வில்லியனூரில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டார். சீட்டை எழுதியவன் யார் என்று இதுவரை தெரியவில்லை.