கட்டைப் பிரிக்காமல் பார்ப்பது எப்படி

1

கடிதம் எழுத உட்கார்ந்தபோது இருந்தவர்கள்: கட்டிலில், வலது காலைத் தலையணைமேல் ஏற்றிக்கொண்டு, வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் ககோடா. கால்மாட்டில், யாரும் நெருங்காதபடி காவலாக நர்ஸ் நங்கோபி. வாசற்படியில் வண்டி ஸ்டாண்டின் தலைவர் இசபிரியே. அடுப்போரம் நிலக்கடலை இடித்தபடி ககோடாவின் மனைவி நைகாகா. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் நான்; பேனா என்னிடம் இருந்ததால் கிடைத்த மரியாதை.

ஒப்புக்கொள்கிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ககோடாவின் பெரியப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அடித்துப் போட்ட வரிகளைப் பொறுக்கிச் சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: “மதிப்பிற்குரிய பெரியப்பா, உங்கள் பிள்ளை ககோடா சரளையில் சறுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து…”

(நிறுத்திவிட்டேன். இதைப் படித்த கையோடு பெரியப்பா சொந்தபந்தங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்.)

சிக்கலே அதுதான். எங்கள் தெருவில் அடிபட்டவரைப் பார்ப்பதென்றால் அடியையே பார்ப்பது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் காயத்தின் கட்டைப் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

“நான் மூடிட்டுப் போறேன், நீங்க ஊருக்கே திறந்து காட்டுறீங்க. இது காலா, கடையா?” என்றார் நங்கோபி.

“பார்க்காம எப்படி நர்ஸம்மா அழுறது?” என்றார் இசபிரியே.

“முகத்தைப் பார்த்து அழுங்க.”

“முகம் நல்லாத்தானே இருக்கு!”

3

இசபிரியேயை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். விழுந்த அன்று காயத்தில் பிரேக் ஆயிலை ஊற்றியவர் அவர்தான். (“வண்டிக்கு நல்லதுதானே நர்ஸம்மா, ஆளுக்கு ஆகாதா?”) ஆனால் ககோடாவை முதுகில் சுமந்து மருத்துவமனைக்கு ஓடியவரும் அவரே. அப்படிப்பட்டவரை வில்லனாக்கினால் என் பேனா எழுதாது.

நங்கோபி குரலைத் தாழ்த்தினார். “கட்டுக்கு அடியில செக்கச்செவேல்னு பொடிப்பொடியா சதை முளைக்குது. உலர்ந்து ஒட்டின துணியைப் பிச்சு எடுக்குறப்போ அதையும் சேர்த்துப் பிய்க்கிறீங்க. நான் உப்புத்தண்ணியில ஊற வெச்சுத்தான் எடுப்பேன். நேத்து நாத்தம் வர ஆரம்பிச்சிருக்கு. இன்னும் நாலு பேர் பிரிச்சுப் பார்த்தா, அப்புறம் காலைக் காப்பாத்த முடியுமான்னு தெரியாது.”

உலக்கைச் சத்தம் நின்றது.

4

இரண்டாவது தொடக்கம்: “யாரும் வர வேண்டாம்.”

“அதை அடிங்க அண்ணே,” என்றான் ககோடா. “இப்ப வராதீங்கன்னா, நான் செத்தாக்கூட வரமாட்டாங்க.”

பிறகு அவனே மெல்லச் சொன்னான்: “நாலு பேர் வந்து ஐயோன்னு சொல்றப்போதான் வலி கொஞ்சம் அடங்குது.”

“ஐயோங்கறதுல அடங்குதா, கூடவே அவங்க கையில கோழி வருதே, அதுல அடங்குதா?” என்றாள் நைகாகா. முகத்தைத் துடைத்துக்கொண்டே.

(இங்கே ஒரு பத்தி நீளத்துக்குத் தனிமையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நைகாகாவின் கேள்விக்குப் பிறகு அது நிற்கவில்லை, கிழித்துவிட்டேன்.)

நங்கோபி பெருமூச்சு விட்டார். “வெள்ளிக்கிழமை காலையில நானே கட்டு மாத்துவேன். அன்னிக்கு வரட்டும். சோப்பு போட்டுக் கை கழுவிட்டு, வாசல்ல நின்னு பார்க்கட்டும். தொடக்கூடாது, ஊதக்கூடாது, மருந்துன்னு எதையும் மடியில கட்டிட்டு வரக்கூடாது.”

“அழலாமா?” என்றார் இசபிரியே.

“தாராளமா. தள்ளி நின்னு.”

5

இனி கதைக்கு முடிவு. பெரியப்பா வாசலோடு நின்று, கழுவின கைகளை ஈரத்தோடு தூக்கிப் பிடித்தபடி அழுவதாக ஒன்று எழுதினேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, “என் பிள்ளை, நான் பார்க்கக்கூடாதா?” என்று காயக்கட்டின்மேல் கைவைப்பதாக மற்றொன்று. இரண்டும் நம்பும்படியாகவே இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. வாசகரே, அந்த லாரியில் உங்களுக்கும் இடம் உண்டு. அவர் கை நீளும்போது பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள். என்ன செய்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை விதிகளோடு எழுதி முடித்த கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நங்கோபி தலையசைத்தார். ககோடாதான் தயங்கினான்.

“அண்ணே, கடைசியில ‘கண்டிப்பா வாங்க’ன்னு ஒரு வரி.”

நங்கோபியைப் பார்த்தேன். அவர் கட்டின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எழுதினேன். உறையை ஒட்டினேன். இசபிரியே அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார். பெரியப்பாவின் ஊரான கமுலிக்குப் போகும் வேன் புறப்படுமுன் ஓட்டுநர் கையில் சேர்த்துவிட்டார்.