ஐந்து நட்சத்திரமும் இரண்டு முட்டையும்

ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டும் கண்ணாடிக்காரருக்கு அன்று காலைச் சாப்பாடாகக் கிடைத்தது இரண்டு அவித்த முட்டையும் ஒரு கெடுவும்தான்.

"அடுப்புல அவிச்சதுன்னு நினைக்காதீங்க. நேத்து ஆபீஸ்ல என் ஜன்னலோரம் வெச்சேன். ரெண்டு கடிதாசி அடிக்கிறதுக்குள்ள வெந்துடுச்சு" என்றாள் மனைவி. "வர்ற சனிக்கிழமைக்குள்ள அந்தக் கண்ணாடியைத் திருப்பி மாட்டலேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கட்டின பொண்டாட்டியைக் கண்ணாடி போட்டு வறுத்தவன்னு பேர் வாங்கிக்கிட்டு நீங்க தனியா இருங்க."

அவள் சும்மா மிரட்டுகிற ரகமில்லை. பெட்டி கட்டிலின் மேல் திறந்தே இருந்தது.

அவள் தட்டச்சு செய்வது மின்சிக்கன அலுவலகத்தில், நான்காம் மாடியில், மேற்குப் பக்கம். அந்தக் கட்டடத்தின் இருநூறு கண்ணாடிகளையும் மாட்டியவர் அவள் புருஷனேதான். எல்லாம் இரட்டைக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே, வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் உலோகப் பூச்சு. வெயிலை வாசலிலேயே நிறுத்தி, "ஐயா ஊரில் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிற பூச்சு. அவர் முதலில் சரியாகத்தான் மாட்டினார்.

பிறகு இயக்குநர் வந்து தம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு கண்ணாடியின் வெளிப்புறத்திலும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்று சான்று சொல்லும் ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர். உள்ளே இருந்து பார்த்தால் வெள்ளைக் காகிதம்தான் தெரிந்தது.

"என்னப்பா இது? நட்சத்திரம் எனக்கு முதுகைக் காட்டுது! திருப்பி மாட்டு எல்லாத்தையும்."

கண்ணாடிக்காரர் ஒரு தீக்குச்சியைக் கிழித்துக் கண்ணாடியருகே பிடித்தார். "ரெண்டு கண்ணாடிக்கு நாலு முகம்; முகத்துக்கு ஒண்ணா நாலு சுடர் தெரியுதுங்களா ஐயா? அதுல ஒண்ணு மட்டும் நிறம் மாறி நிக்குது பாருங்க. அங்கதான் பூச்சு. வெளியிலேர்ந்து எண்ணினா அது ரெண்டாவதா இருக்கணும். திருப்பினா மூணாவதாப் போயிடும். குளிர் ஊருக்கு அது சரி; சூட்டை உள்ள கூட்டி வந்து உட்கார வைக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு ஏன் நாற்காலி போடணும்?"

இயக்குநர் குச்சியை ஊதி அணைத்தார். "அலுவலகத்துக்குள்ள தீ மூட்டக் கூடாது" என்றார்.

இருநூறும் திரும்பின. கோந்து உருகிக் கோப்புகள் ஒட்டிக்கொண்டு திறக்க முடியாமல் போயின. அவை அதற்கு முன்பும் திறக்கப்பட்டதில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. எட்டு ஏசி பதினாறாயிற்று. மின்மீட்டரின் சக்கரம் சுழன்ற வேகத்தில் அதன் எதிரே உட்கார்ந்திருந்த காவலாளிக்குக் காற்று வந்தது. கட்டடத்திலேயே குளுகுளுவென்று இருந்தவர் அவர் ஒருவர்தான்.

முட்டையைத் தின்ற கையோடு கண்ணாடிக்காரர் இயக்குநர் முன்னால் போய் நின்றார். தலையில் ஈரத்துண்டோடு இயக்குநர் நிமிர்ந்தார்.

"திருப்பச் சொன்னது தப்புன்னு சொல்ல வந்தியா?"

"ஐயையோ! அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும். உள்ள இருக்கிறவங்க அத்தனை பேரும் அந்த நட்சத்திரத்தை மனப்பாடம் பண்ணிட்டாங்க. ஊர்தாங்க பாவம். தெருவுல போறவன் அண்ணாந்து பார்த்தா ஒரு நட்சத்திரமும் இல்ல. 'இது என்ன கிடங்கா'ன்னு கேக்குறான்."

இயக்குநரின் தலையிலிருந்து துண்டு நழுவியது. "கிடங்கா?"

வெள்ளிக்கிழமை மாலைக்குள் இருநூறும் பழையபடி திரும்பிவிட்டன. சனிக்கிழமை பதினாறு ஏசியில் எட்டை அணைத்தார்கள். காவலாளிக்கு அன்றுதான் முதல்முறையாக வியர்த்தது.

மாலையில் மனைவி வந்தாள். கட்டிலின் மேலிருந்த பெட்டியை மூடிப் பரணில் ஏற்றச் சொன்னாள். கண்ணாடிக்காரர் ஏணி போட்டு ஏற்றினார்.

"ஆனா ஐயாவைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கு" என்றாள். "தெருவோட எதிர்ச் சாரியில நாற்காலி போட்டுக்கிட்டு, எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறாங்கன்னு வெயில்ல உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருக்கார். பத்து மணியிலேர்ந்து ஒருத்தன்தான் பார்த்தானாம், அவனும் காக்காயைத்தான் பார்த்தானாம். அங்கயே தனக்கு ஒரு சின்னக் கண்ணாடி அறை கட்டித் தர முடியுமான்னு உங்களைக் கேக்கச் சொன்னார். ஸ்டிக்கர் மட்டும் உள்பக்கம் பார்த்து இருக்கணுமாம்."

"கட்டிடலாமே. அவர் எப்படிச் சொல்றாரோ அப்படியே" என்றார் கண்ணாடிக்காரர்.

அறை எழும்பிய மறுநாள் காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும்போது கைப்பையில் இரண்டு பச்சை முட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள்.