வலது பக்கப் பெட்டி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் அண்ணன் மகள் என் வீட்டுச் சமையலறையில் நின்று, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு சொன்னது. மூளைக்குள் மின்னணுச் சில்லு வைத்தவர்களைக் கணினி முன்னால் பழக்குவது அவள் வேலை. அசையாத கையை அசைப்பதாக அவர்கள் நினைக்க வேண்டும். சில்லு அதைப் பிடித்துக்கொள்ள, திரையில் ஓர் அம்புக்குறி நகரும்.

"நீ கதைதானே எழுதுற அத்தை? என் பேஷன்ட் ஒருத்தர் என்ன சொல்ல நெனச்சார்னு எழுதிக் குடேன்" என்றாள். அவளுக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். தப்பான ஆளிடம் வந்துவிட்டாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒரு காலத்தில் வானத்தையே தொட்டவர் அவர், ஆனால் இன்றோ"

வேண்டாம். அவர் கிரேன் ஓட்டியவர், அவ்வளவுதான். நரம்பு நோய் கைகாலில் ஆரம்பித்து, நாக்குக்கு ஏறி, கடைசியில் கண்ணையும் விடவில்லை. இமையை டேப் ஒட்டித் திறந்து வைத்தால் எதிரில் இருக்கும் திரை தெரியும். விழியைத் திருப்ப முடியாது. மூச்சுக்கு ஒரு மெஷின், பேச்சுக்கு அந்தச் சில்லு.

மனைவி பக்கத்து அறையில் துணி தைப்பவள். சில்லு ஒழுங்காக இருந்த நாட்களில் அவர் எழுதியதில் பாதி அவளைச் சீண்டுவதுதான். "ரேடியோவ அணை. நீயும் கூடவே பாடுற." [இது நான் கட்டிவிட்ட வரி என்று நினைக்காதீர்கள். எனக்கு அவ்வளவு நகைச்சுவை வராது.]

3

சில்லைச் சுற்றித் தழும்பு வளர்ந்தது. அம்பு குடிகாரனைப் போல் அலைய ஆரம்பித்தது.

பழக்கும்போது இதற்கு ஒரு வழி உண்டு. திரையில் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதுவே அம்பைக் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துக் கொடுக்கும். நோயாளி மனசு விட்டுவிடக் கூடாதே என்றுதான். நிஜமான கேள்வி கேட்கும்போது இழுப்பை நிறுத்திவிட வேண்டும்.

அன்று பழக்கியது வலது பக்கப் பெட்டிக்கு. அவர் திணறினார். என் அண்ணன் மகளுக்கு மனசு கேட்கவில்லை, இழுப்பைக் கூட்டிக்கொண்டே போனாள். அந்த நேரம் பார்த்து மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"ஒன்னு கேக்கணும்மா. தனியா கேக்கப் பயமா இருக்கு." அவர் பக்கம் திரும்பினாள். "முடியலன்னா மறைக்காம சொல்லிடுங்க. இந்த மூச்சு மெஷின நிறுத்தச் சொல்லட்டுமா?"

இவள் திரையில் போட்டாள்: இடது பெட்டியில் "நிறுத்து". வலதில் "வேண்டாம்". அம்பு நேராக வலப்பக்கம் போய் நின்றது.

மனைவி அவர் நெஞ்சில் முகம் புதைத்து அழுதாள். "பாத்தியாம்மா, என்ன விட்டுட்டுப் போக இவருக்கு மனசில்ல."

இழுப்பை நிறுத்தவில்லை என்பது என் அண்ணன் மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சரியாக வைத்துக் கேட்டுவிடலாம் என்று இருந்தாள். மறுநாள் அம்பு அசையவில்லை. அதற்குப் பிறகும் அசையவே இல்லை.

4

ஒரு முடிவு: அவள் போய் உண்மையைச் சொல்கிறாள். அதைக் கேட்டதும் மனைவி [இல்லை. அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.]

இன்னொன்று: சொல்லவில்லை. மெஷின் ஓடுகிறது. உள்ளே அவர் நிறுத்து, நிறுத்து என்று கத்திக்கொண்டிருக்கலாம். வேண்டாம் என்றே இருக்கவும் இருக்கலாம்.

மூன்றாவது, அவர் மனதுக்குள் புகுந்துவிடுவது. கதை எழுதுகிற எங்களுக்கு அது கைவந்த வேலை. "அன்று அவர் தொட நினைத்தது" என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த சொல் எதைப் போட்டாலும் அது நான் இழுத்துக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

அண்ணன் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன், எழுத வரவில்லை என்று.

"அந்தம்மா தினமும் அவர் தலைய வாரிவிட்டுட்டுச் சொல்றாங்க அத்தை. 'நீங்க சொன்ன அந்த ஒத்த வார்த்தையிலதான் என் நாள் ஓடுது'ன்னு. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையில் நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். சொல்லும்போதே பயமாக இருக்கிறது.

5

முடிவை உங்களிடம் விடுகிறேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, என்னால் முடியவில்லை.

[நிறுத்து]     [வேண்டாம்]

எதை வேண்டுமானாலும் தொடுங்கள். தொட்டது அவர்தான் என்று மட்டும் என் அண்ணன் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.