நூறாம் நாள் கேட்ட கேள்வி

ஹோவான் இறந்துபோனார் என்று தொலைபேசியில் சொன்னபோது வோல்ஃப்ராம் கெஸ்ட்னருக்கு முதலில் தோன்றியது, படம் என்னாகும் என்பதுதான். அந்த மனிதருக்கு மனைவி உண்டா, பிள்ளை உண்டா என்பதெல்லாம் அடுத்த நாள்தான் நினைவுக்கு வந்தது. நினைத்துப் பார்த்தால் அவருக்குத் தெரியவும் தெரியாது.

கெஸ்ட்னருக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் போலீஸ் அதிகாரியாக வந்து ஜெர்மனி முழுக்கத் தெரிந்த முகம். பிறகு மூட்டுவலித் தைல விளம்பரம். பிறகு அதுவும் இல்லை. அப்படிக் கிடந்தவரைத்தான் ஸ்வான்யே என்ற இயக்குநர் தேடிப் பிடித்து, ‘வேலிக்கு அந்தப் பக்கம்’ என்ற தன் படத்தில் கதாநாயகனாகப் போட்டாள். ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர். பக்கத்துத் தோட்டத்தை வாங்கிக்கொண்டு வரும் வியட்நாம்காரர் ஒருவர். முதல் பாதியில் வேலிக்காகச் சண்டை, இரண்டாம் பாதியில் பிரிக்க முடியாத நட்பு. சிரிக்கவும் வைக்கும், கண்ணீரும் வரவழைக்கும் என்று பணம் போட்டவர்களிடம் சொல்லியிருந்தாள்.

அந்த வியட்நாம்காரராக வந்த ஹோவான் தொழில்முறை நடிகர் அல்ல. எண்பத்தேழில், ஜெர்மனியை இரண்டாகப் பிரித்த சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்த காலத்தில், வியட்நாமிலிருந்து நூற்பாலைக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். சுவர் விழுந்ததும் ஆலையும் மூடிவிட்டது. கெம்னிட்ஸ் பேருந்து நிலையத்துக்கு எதிரே நூடுல்ஸ் கடை போட்டுப் பிழைத்தார். அங்கே சாப்பிடப் போன ஸ்வான்யே, அவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

கேமரா ஓடும்போது இருவரும் கட்டிப்பிடித்தார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், மழையில் கைகோத்து ஆடினார்கள். ‘கட்’ என்ற குரல் கேட்டதும் கெஸ்ட்னர் தன் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஹோவான் விளக்குத் தூக்குகிற ஆட்களோடு உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார். முதல் இரண்டு வாரம் அவரைக் கெஸ்ட்னர் “ஹுவாங்” என்றே கூப்பிட்டார். ஹோவான் திருத்தவில்லை. வேறு யாரோதான் திருத்தினார்கள். கெஸ்ட்னருக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

படப்பிடிப்பு கோடையோடு முடிந்தது. இருமல் என்று மருத்துவமனைக்குப் போன ஹோவான், நுரையீரல் முழுக்கப் புற்று என்று தெரிந்தபின் ஜனவரியைத் தாண்டவில்லை.

மார்ச்சில் ஸ்வான்யே கூப்பிட்டாள். “மழைக் காட்சியில சத்தம் எல்லாம் போச்சு. தகரக் கூரை இரைச்சல்ல ஒரு வார்த்தை புரியல. திரும்பப் பேசிச் சேர்க்கணும். நீ வந்துடு.”

“அவருக்கு யாரு பேசுவா?”

“அவரோட பையன். குரல் அச்சு அசல் அப்பாதான்.”

லைப்சிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பையனை முதன்முதலாகப் பார்த்தார். முப்பது வயதுக்குமேல் இருக்கும். பெயர் டுக். அவர்கள் மொழியில் ஜெர்மனிக்கும் அதுதான் பெயர். இங்கேயே பிறந்து, மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறவன். அவன் பேசும் ஜெர்மன், கெஸ்ட்னரின் சொந்த ஊர்க்காரர்கள் பேசுவதைவிடப் பச்சையான உள்ளூர்ப் பேச்சு. சிக்கலும் அதுதான்.

திரையில் ஹோவான் மழையில் நனைந்தபடி வாயசைத்தார். டுக் ஒலிவாங்கி முன் நின்று பேசினான். ஸ்வான்யே கண்ணாடிக்கு அப்பாலிருந்து, “குரல் சரியா இருக்கு, டுக். ஆனா நீ ரொம்ப நல்லா பேசற. இன்னும் கொஞ்சம் தப்பா பேசேன்” என்றாள்.

அவன் தப்பாகப் பேசினான்.

“இன்னும் கொஞ்சம். அப்பா வினைச்சொல்லை எல்லாம் முழுங்கிடுவார்ல, அந்த மாதிரி.”

“சின்ன வயசுல இப்படிப் பேசாதீங்கப்பான்னு அவர்கிட்ட சண்டை போடுவேன்” என்றான் டுக், யாரையும் பார்க்காமல். “ஸ்கூலுக்கு வராதீங்கன்னுகூட சொல்லியிருக்கேன்.” பிறகு அப்பாவைப் போலவே சொற்களை விழுங்கிப் பேசிக்காட்டினான். அதன்பின் இருவரும் சேர்ந்து சிரிக்கிற இடம். கெஸ்ட்னர் தொழில்காரர், உடனே சிரித்துவிட்டார். டுக்குக்குச் சிரிப்பு வர ஒரு மணி நேரமானது.

இடைவேளையில் காப்பியோடு பக்கத்தில் வந்து நின்றான். “சார், ஒண்ணு கேக்கலாமா? அப்பா வீட்ல வாயே திறக்க மாட்டார். கடை, தூக்கம், கடை. உங்ககூட ரெண்டு மாசம் இருந்தாரே, உங்ககிட்டயாவது பேசினாரா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வரவில்லை.

“பேசுவாரே. நிறையப் பேசுவோம்.”

“என்னைப் பத்தி?”

“பெருமையாத்தான் சொல்வார்.”

டுக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனான். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் கெஸ்ட்னர் நினைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் டுக் தொலைபேசியில் அழைத்தான். அப்பாவின் நூறாம் நாள் சடங்கு. அம்மா கட்டாயம் வரச் சொன்னாள். அப்பாவின் சிநேகிதர் இல்லாமல் எப்படி?

கெம்னிட்ஸின் ஓரத்தில், ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகளில் ஒன்றின் ஐந்தாம் மாடி. வீடு முழுக்க ஊதுபத்திப் புகை. பூசை அலமாரியில் ஹோவானின் படம். அதற்கு முன்னால் முழுக்கோழி, ஒட்டரிசிச் சோறு, ஒரு புட்டி பீர், அவர் பிடிக்கும் சிகரெட்.  படப்பிடிப்பில் எடுத்த புகைப்படம் அது. ஹோவானின் தோளில் ஒரு கை கிடந்தது. கைக்கு உரியவரை வெட்டிவிட்டிருந்தார்கள். அது அவருடைய கை.

ஹோவானின் மனைவி துயெத் சின்ன உருவம். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டில் நல்லதையெல்லாம் பொறுக்கி அவர் தட்டில் வைத்தாள். வந்திருந்தவர்கள் போனபின், பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். டுக் சன்னலோரம் நின்றான். இருவருக்கும் நடுவில் ஏதோ சண்டை ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

“சார், உங்ககிட்டதான் கேக்கணும். வேற யாருக்கும் தெரியாது” என்றாள். “அவர் சாம்பல் இன்னும் எரிச்ச இடத்துலயே இருக்கு. சீக்கிரம் புதைக்கணும், இல்லேன்னா அவங்களே எங்கயாவது புதைச்சிடுவாங்களாம். நான் ஊருக்குக் கொண்டுபோகணும்னு சொல்றேன். அவர் அப்பா அம்மா பக்கத்துல. இவன் இங்க வேணும்கிறான்.”

“நான் எங்கம்மா போய்ப் பார்ப்பேன்? உங்க ஊர் நாம்டின்ல எனக்கு யாரைத் தெரியும்?” என்றான் டுக்.

“நீ சும்மா இரு. சார், அவர் சாகற வரைக்கும் எங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. கேட்டா சுவத்துப் பக்கம் திரும்பிக்குவார். உங்ககிட்ட பேசியிருக்கார்னு டுக் சொன்னான். அவர் என்ன சொன்னார்? எங்க இருக்கணும்னு ஆசைப்பட்டார்?”

அப்போதும் ஒரு வழி இருந்தது. ‘இதைப்பற்றிப் பேசவில்லை’ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்தப் பெண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் மேடையிலும் கேமரா முன்னாலும் நின்றவருக்கு, எதிரே ஒருவர் காத்திருக்கும்போது வாய் தானாகத் திறந்துவிடும்.

“ஒருநாள் தோட்டத்துல உட்கார்ந்திருந்தோம்” என்று ஆரம்பித்தார். “அவர் சொன்னார்: ‘நான் இந்த மண்ணுக்குப் பழகிட்டேன், நண்பா. இனிமே என்னைப் பிடுங்கி வேற எங்கயும் நட வேண்டாம்.’”

சொல்லி முடித்தபின்தான் உறைத்தது. அது ஹோவான் சொன்னதல்ல. படத்தில் அவருக்கு எழுதிக் கொடுத்த வசனம். அந்த மனிதர் வாயிலிருந்து கெஸ்ட்னர் கவனித்துக் கேட்டதெல்லாம் வசனம் மட்டும்தான்.

 துயெத் தன் மொழியில் ஏதோ இரண்டு சொல் சொன்னாள். டுக் வந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவள் எழுந்து கெஸ்ட்னர் முன் குனிந்து வணங்கினாள்.

மே மாதம் நகராட்சிக் கல்லறையில் சாம்பலைப் புதைத்தார்கள். கெஸ்ட்னர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு குடும்பத்தாரோடு நின்றார்.

அந்த வசனம் படத்திலிருந்து போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. ஸ்வான்யேயைப் பார்க்கப் போனார்.

“தோட்டத்துக் காட்சி கொஞ்சம் நீளமா இல்ல? அந்தப் பிடுங்கி நடற வசனம்… கொஞ்சம் மிகையா இருக்கு.”

“உனக்குப் பைத்தியமா? படத்தோட உயிரே அதுதான். அதுலயும் இப்ப, ஆளே இல்லாதப்ப! ஒருத்தர் கண்ணும் காயாது.”

“ஸ்வான்யே, அதை எடுத்துடு. கெஞ்சிக் கேக்கறேன்.”

“ஏன்?”

கெஸ்ட்னர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செப்டம்பரில் முதல் காட்சி. ஹோவானின் நினைவாகக் கெம்னிட்ஸிலேயே வைத்தார்கள். முன்வரிசையில் துயெத், டுக், பக்கத்தில் கெஸ்ட்னர். வேலிச் சண்டையில் அரங்கம் குலுங்கிச் சிரித்தது. துயெத்தும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவர் இப்படியெல்லாம் செய்வாரா என்று மகனிடம் கிசுகிசுத்தாள்.

தோட்டத்துக் காட்சி வந்தது. ஹோவான் தக்காளிச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கெஸ்ட்னரைப் பார்த்துச் சொன்னார்: “நான் இந்த மண்ணுக்குப் பழகிட்டேன், நண்பா. இனிமே என்னைப் பிடுங்கி வேற எங்கயும் நட வேண்டாம்.”

அரங்கில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கெஸ்ட்னர் நேராகத் திரையையே பார்த்தார்.  படம் முடிந்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியபோது துயெத் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

வெளிக்கூடத்தில் மேல்கோட்டுகள் மாட்டும் இடத்தருகே அவரைப் பிடித்தாள்.

“அந்த வசனத்தை யார் எழுதினது?”

“ஸ்வான்யே.”

“அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல.”

“எதுவுமே?”

“நாங்க பேசிக்கிட்டதே இல்ல.”

டுக் முன்னால் வந்தான். அடிப்பான் என்றுதான் கெஸ்ட்னர் நினைத்தார், அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். அவன் அடிக்கவில்லை. “என்னைப் பத்திப் பெருமையா சொன்னார்னீங்களே” என்றான். பிறகு அம்மாவின் கோட்டை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டான்.

மறுநாள் காலை கல்லறை அலுவலகம் திறக்கும்போதே கெஸ்ட்னர் அங்கே நின்றார். இரவே டுக்குக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: நான் வந்து உண்மையைச் சொல்கிறேன், அலுவலகத்தார் சாம்பலைத் தோண்டி எடுத்துக் கொடுக்கட்டும். தாயும் மகனும் வந்தார்கள். அவரைக் கடந்து நேரே உள்ளே போனார்கள்.

மேசைக்குப் பின்னாலிருந்த அலுவலர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “சார், நீங்களா! நேத்து எங்க மாமியாரோட வந்திருந்தேன். ரெண்டு பேரும் ஒரே அழுகை. இந்தக் காலத்துல இப்படி ஒரு சிநேகிதம்!”

“நான் பொய் சொல்லிட்டேன்” என்றார் கெஸ்ட்னர். “இங்க புதைக்கணும்னு அவர் சொன்னதா இவங்ககிட்ட நான்தான் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவே இல்ல. சாம்பலை எடுத்து இவங்க ஊருக்கு அனுப்பணும்.”

அலுவலர் மெல்ல உட்கார்ந்தார். முகம் அலுவலக முகமாக மாறியது. “புதைச்சதை லேசுல எடுக்க விடமாட்டாங்க சார். இறந்தவங்க அமைதியைக் கலைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அவரோட விருப்பம் வேறன்னு காட்டினா பார்க்கலாம். ஊர்லதான் புதைக்கணும்னு சொன்னாரா?”

“இங்கன்னு சொல்லல.”

“அது புரியுது. அங்கன்னு சொன்னாரா?”

கெஸ்ட்னர் துயெத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். “சொல்லல. ஒண்ணும் சொல்லல” என்றாள்.

“அப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்லையேம்மா” என்றார் அலுவலர். உண்மையாகவே வருத்தப்பட்டார். இருபது வருடம் கழித்துக் கல்லறை இடத்தின் குத்தகைக் காலம் முடியும்போது கேட்டுப் பாருங்கள் என்றார்.

வெளியே லேசாகத் தூறியது. துயெத் படிகளில் நின்று தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள்.

“கடையை விக்கப் பேசிட்டிருந்தேன்” என்றாள் மகனிடம், கெஸ்ட்னருக்கும் புரியட்டும் என்பதுபோல ஜெர்மனில். “தங்கச்சி அங்க எனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா. அவரையும் எடுத்துட்டுப் போயிடலாம்னு இருந்தேன். அவரே இங்கன்னு சொல்லிட்டாரேன்னு மனசைத் தேத்திக்கிட்டு, நான் மட்டும் போகலாம்னு இருந்தேன். அவர் ஆசைப்பட்ட இடத்துல இருக்கார்னா நான் விட்டுட்டுப் போகலாம். இப்ப எப்படிப் போவேன்? அவரைக் கேக்காம இங்க போட்டுட்டோமே.”

“அம்மா, நான் இருக்கேன்ல. நான் பார்த்துக்கறேன்.”

“ஆமா, நீ இருக்க” என்றாள். வெறும் பேச்சாகத்தான் அது வந்தது.

அன்று மாலை ஹாம்பர்க்கில் காட்சி. கெஸ்ட்னரை மேடைக்கு அழைத்து, ஹோவானோடு இருந்த நட்பைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். “நாங்க நண்பர்கள் இல்ல” என்றார். சிரித்தார்கள். “நான் அவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல. அவருக்கு மகன் இருந்ததே எனக்குத் தெரியாது.” சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் யாரோ கைதட்ட, அரங்கம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. இறங்கி வந்தவரை ஸ்வான்யே கட்டிக்கொண்டாள். “பிரமாதம்! எவ்வளவு நேர்மையா இருந்துச்சு! நாளைக்கு ப்ரேமன்லயும் இதையே சொல்லு.”

அவர் ப்ரேமனுக்குப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்கும் போகவில்லை. படம் அவர் இல்லாமலே நன்றாக ஓடியது.

நவம்பரில் ஒருநாள் மதியம் கல்லறைக்குப் போனார். துயெத் அங்கே இருந்தாள். கல்லைத் துடைத்து, வாடிய பூவை எடுத்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மண்ணில் குத்தி வைத்திருந்தாள். அவரைப் பார்த்தும் விரட்டவில்லை. அவர் கேட்டார்:

“அவர் எப்படிப்பட்ட மனுஷன்?”

அவள் சிகரெட் புகைந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பக்கத்துலதானே ரெண்டு மாசம் உட்கார்ந்திருந்தார்” என்றாள். “என்கிட்ட கேக்கறீங்க.”

பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். மாலைக் கூட்டம் வருவதற்குள் கடை திறந்தாக வேண்டும். கெஸ்ட்னர் அவள் பின்னால் போகவில்லை. அங்கேயே நின்றார்.